பையருக்குக் கோபம் இல்லை, டெபிட் மட்டும் உண்டு

திருப்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி: "நியூயார்க் பையரோடு பல வருஷப் பழக்கம். மகள் கல்யாணத்துக்கு வாழ்த்துகூட அனுப்பினார். டையிங்கில் தாமதமாகி ஷிப்மெண்ட் 10 நாள் தள்ளிப்போனது. போனில் சொன்னேன், பரவாயில்லை என்றார். இப்போது பில்லில் 5% டெபிட் என்று பிடித்துவிட்டார்கள். உறவு முறிந்துவிட்டதா? 2% கொடுத்தால் பேசி முடிப்பதாக ஏஜென்ட் சொல்கிறார்."

முறியவில்லை. அடுத்த ஆர்டர் அதே சிரிப்போடு வரலாம். பி.ஓ.வில் (அவர்கள் தந்த ஆர்டர் சீட்டில்) ஒரு தேதி, பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கு ஏற்றியதற்கான கப்பல் ரசீதில்) வேறு தேதி, அக்கவுண்ட்ஸ் கழித்துவிட்டது, அவ்வளவுதான். மனுஷனைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்க்கிறார்கள் என்று ஜப்பான்காரர், மெக்சிகோக்காரர், சவுதிக்காரர் எல்லாரும் அமெரிக்கர்களைப் பற்றிப் புலம்புவதுதான். அமெரிக்கர்கள் கணக்கில், சிநேகத்துக்காகக் கழிக்காமல் விட்டால் அதுதான் தப்பு.

ஏஜென்டுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். "உள்ளே ஆள் இருக்கு, நான் பார்த்துக்கிறேன்" என்பது நம் ஊரில் எடுபடலாம். சப்ளையரிடம் பரிசே வாங்கக்கூடாது என்று வால்மார்ட் தன் ஊழியர்களுக்கு விதி வைத்திருக்கிறது. அந்த ஊரில் உங்கள் 2% எந்த மேஜைக்குப் போகும்? ஏஜென்ட் பாக்கெட்டுக்குத்தான். பையரை நீங்கள் நேரடியாகப் பிடித்துவிடக்கூடாது என்பதே அவர் கவலை.

இனிமேலுக்கு ஒரே ஒரு வழி உண்டு, கவனமாகக் கேளுங்கள். 500 டாலரும் அதற்கு மேலுமான சரக்கு வியாபாரத்துக்கு எழுத்து வேண்டும் என்பது அமெரிக்க வணிகச் சட்டம். ஆனால் இரண்டு பக்கமும் வியாபாரிகள் என்றால், பேசிய கையோடு "இன்று பேசியபடி புதிய தேதி இது" என்று நீங்கள் மெயில் அனுப்பி, கிடைத்த 10 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் மறுக்காவிட்டால், எழுத்தில் இல்லையே என்று பிறகு சாதிக்க முடியாது. பேசியதை நிரூபிப்பது அப்போதும் உங்கள் வேலைதான். அதோடு, நாங்கள் கையெழுத்துப் போட்டால்தான் மாற்றம் என்று வெண்டார் மேனுவலில் (சப்ளையர்களுக்கு அவர்கள் தரும் விதிப் புத்தகத்தில்) இருந்தால் இதுவும் பெரும்பாலும் உதவாது. மேனுவலை யார் படிக்கிறார்கள், நானும் கேட்டு அலுத்துவிட்டேன்.

இப்போதைக்கு அந்த வாரத்து வாட்ஸ்அப்பைத் தோண்டுங்கள். "ஓகே" என்று ஒரு பதில் கிடைத்தாலும் போதும், ஸ்கிரீன்ஷாட், பி.ஓ. எண், பீஸ் கணக்கு, இரண்டு தேதிகளோடு ஆட்சேபம் அனுப்புங்கள். அதற்கும் கெடு இருக்கும், தாண்டவிடாதீர்கள். நலம் விசாரிப்பு, பழைய நட்பு எதுவும் அதில் வேண்டாம். ஒரே பேக்டரிக்கு ஒவ்வொரு பிராண்டும் தனித்தனியாக ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார்கள், டெபிட் பற்றிக் கேட்டால் மட்டும் எங்கள் வெப்சைட் போர்ட்டலில் போடு என்பார்கள். சரி, போர்ட்டலிலும் போடுங்கள், அங்கே உங்கள் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கும் தனியாக மெயில் போடுங்கள். கல்யாண ஆல்பத்தை அப்புறம் அனுப்பலாம்.