பச்சை எழுத்தை நம்பாதவர்: பல்கலைக்கழக சர்வர் நிர்வாகியிடம் சில கேள்விகள்

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாக சர்வர்களைக் கவனித்து வருகிறேன். வந்த கேள்விகளில் இவற்றுக்குத்தான் பதில் எழுத நேரம் கிடைத்தது.

அண்ணா, காலையில் வேலைக்கு வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?
(பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், தெம்பனிஸ்)

வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது தம்பி. எம்ஆர்டி ரயிலில் உட்கார இடம் கிடைத்தால், இரவு எடுத்த காப்புநகல்களின் (பேக்கப்) அறிக்கையைக் கைபேசியில் பார்த்துவிடுவேன். 'வெற்றி' என்ற சொல்லை அல்ல, அளவை. ஏன் என்பது கீழே வரும். அடுத்தது, நடந்ததையெல்லாம் சர்வரே எழுதிவைக்கும் பதிவேடுகள். இணையத்தைப் பார்த்து நிற்கும் எந்த சர்வரிலும் 'ரூட்', 'அட்மின்', 'டெஸ்ட்' என்று பெயரை மாற்றி மாற்றி விடிய விடிய யாரோ கதவைத் தட்டியிருப்பார்கள். பெரும்பாலும் மனிதர்கள் அல்ல, நிரல்கள். அதற்குள் புகார்களும் குவிந்திருக்கும். 'வைஃபை இல்லை.' இரண்டே சொல். எந்தக் கட்டடம், எந்த மாடி என்று எழுதினால் விரல் தேய்ந்துவிடுமோ என்னவோ.

தம்பி, என் மகனுக்கும் இதே வேலைதான். தீபாவளிக்கும் வேலை என்கிறான். உண்மையா?
(ஒரு தாயார், அங் மோ கியோ)

பாதி உண்மை அம்மா. மாணவர்கள் இல்லாதபோதுதான் சர்வர்களை நிறுத்திப் பழுதுபார்க்க முடியும். அதனால் நள்ளிரவும் பொது விடுமுறையும் எங்களுக்கு வேலை நேரம். ஆனால் தீபாவளி பெரும்பாலும் ஆண்டிறுதித் தேர்வுகளுக்குச் சில வாரங்கள் முன்னால் வருகிறது. அப்போது எதிலும் கை வைப்பதில்லை என்பது எங்கள் இடத்து வழக்கம். அவசர அழைப்புக்குக் காத்திருக்கும் முறை அவருடையதாக இருக்கலாம். அதை வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். வீட்டில் கல்யாணப் பேச்சு ஏதும் நடக்கிறதா?

சார், மீக்கணினியில் நான் கொடுத்த வேலை இரண்டு நாளாக வரிசையிலேயே நிற்கிறது. கொஞ்சம் முன்னே தள்ளிவிடக் கூடாதா?
(முனைவர் பட்ட மாணவி)

சிபாரிசுக்கு மசிகிற ஆள் இல்லை, வரிசையைக் கவனிக்கும் ஸ்லர்ம் என்ற நிரல். பெரிய வேலைகளுக்கு நடுவே சந்து கிடைத்தால் சிறிய வேலையை நுழைத்துவிடும். எவ்வளவு நேரம் ஓடும் என்று நீங்கள் சொல்வதை நம்பித்தான் அதைச் செய்கிறது. மூன்று மணி நேர வேலைக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று 72 மணி நேரம் கேட்டால் எந்தச் சந்தில் நுழைக்கும்? உணவங்காடி நிலையத்தில் தனியாகச் சாப்பிட வந்தவர் இடம் பிடிக்க எட்டு நாற்காலியிலும் டிஷ்யூ பாக்கெட் வைத்த கதைதான். இதற்கு முன் ஓடிய வேலைகள் எடுத்த நேரத்தைப் பார்த்து, அதற்கு மேல் சற்றே கூட்டிக் கேளுங்கள்.

நீங்கள் செய்த பெரிய தவறு எது?
(தகவல் தொழில்நுட்ப ஊழியர், ஈசூன்)

ஒரு துறையின் ஆய்வுத் தரவுகளைப் புதிய வட்டுகளுக்கு மாற்றினேன். பழைய இடத்தில் அதே பெயரில் வெற்றுக் கோப்புறை ஒன்று மிஞ்சியது. காப்புநகல் நிரலுக்குப் புதிய இடத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். அது தன் கடமையில் குறை வைக்கவில்லை. இரவுதோறும் வெற்றுக் கோப்புறையை நகலெடுத்து 'வெற்றி' என்று பச்சையில் எழுதியது. ஏழு மாதம். நானும் ரயிலில் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுக் கண்ணயர்ந்தேன்.

ஒரு வியாழக்கிழமை மாலை அந்தத் துறை மாணவர் ஒருவர் வந்து நின்றார். தற்காலிகக் கோப்புகளை அழிக்க 'ஆர்எம்' கட்டளை கொடுத்திருக்கிறார். 'டெம்ப்' என்ற சொல்லுக்கும் நட்சத்திரக் குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. இடைவெளி இல்லாவிட்டால் 'டெம்ப்' என்று தொடங்குபவை மட்டும் போகும். இருந்தால் அங்கிருக்கும் எல்லாமே போகும். "கவலைப்படாதீர்கள், நேற்றைய நகல் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே திறந்தேன். நான்கு கிலோபைட். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியரின் மடிக்கணினியில் ஆறு வாரத்துக்கு முந்தைய பிரதி இருந்தது. மீதியை மாணவர் மறுபடி கணக்கிட்டார். இப்போது மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பை நகலிலிருந்து மீட்டு, திறந்து படித்துப் பார்க்கிறேன்.

சர்வர் அறை பனிக்கட்டி போல இருக்குமாமே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கிளமெண்டி)

இருந்தது ஐயா. 2023இல் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் வெப்பமண்டலத் தரவு நிலையங்களுக்கான தரநிலையை வெளியிட்டது. வெப்பத்தைப் படிப்படியாக 26 டிகிரிக்கோ அதற்கு மேலோ உயர்த்தலாம்; ஒவ்வொரு டிகிரிக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சமாகும் என்பது கணக்கு. என் சால்வை இன்னும் ஆணியில் தொங்குகிறது.

2024 ஜூலை 19 அன்று என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? சாங்கியில் நாங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்தோம்.
(விமான நிலைய ஊழியர்)

மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டேன். பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்ற நாள் அது. ஒரே ஒரு கோப்பை அழித்தால் தீர்ந்தது. ஆனால் மறையாக்கம் செய்து பூட்டிய வட்டு 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். கணினிக்குக் கணினி வேறு எண். ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகளைத் தொலைபேசியில் வாசித்தேன். பேராசிரியர்கள் மூன்றாவது தொகுதியிலேயே தடுமாறினார்கள். அலுவலக உதவியாளர் அக்கா ஒருவர் மட்டும் அடுத்தடுத்து ஆறு கணினிகளுக்கு ஓர் இலக்கம் பிசகாமல் அடித்துக் கொடுத்தார். எப்படி என்று கேட்டேன். "ஃபோர்-டி லாட்டரியில் நான்கு இலக்க எண் வாங்கிப் பழகிய கை தம்பி" என்றார்.