தம்பி கையில் கார்டு, ஷார்ஜாவில் நீங்கள்

கேள்வி: 2019-லிருந்து ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். கிளம்பும்போது என் பரமக்குடி சேமிப்புக் கணக்கின் ஏடிஎம் கார்டையும் ஊர் சிம்மையும் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மாவின் மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும்தான். அந்த சிம்மை வைத்து பேங்க் ஆப்பையும் யுபிஐயையும் தன் போனில் போட்டுக்கொண்டு, 14 மாதத்தில் 9,40,000 ரூபாய் எடுத்துவிட்டான். கேட்டால் "நீ கொடுத்ததுதானே" என்கிறான். வங்கி கைவிரிக்கிறது. வங்கி மீதும் தம்பி மீதும் வழக்குப் போட முடியுமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். தம்பியை ஐடிஐ படிக்க வைத்தது, அவன் கல்யாணத்துக்கு ஐந்து பவுன் போட்டது, அவன் பெண்டாட்டி போனை எடுக்காதது எல்லாம் அதில் இருக்கிறது. வருத்தம் புரிகிறது, வழக்குக்கு உதவாது. எனக்கு வேண்டியது கடைசியில் நீங்களே சாட்சியம் என்று இணைத்திருக்கும் வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட்: "டேய், பின் நம்பர் அம்மா பொறந்த வருசம்தான், மறந்துராத." தம்பியின் பதில் ஒரு கட்டைவிரல். வங்கி மீதான உங்கள் வழக்கு அந்தக் கட்டைவிரலோடு முடிந்துவிட்டது.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்றாம் ஆள் மோசடி என்றால் மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று எல்லோரும் பார்வர்டு செய்கிறார்கள். அதே விதியில் இன்னொரு வரி உண்டு, அதை யாரும் பார்வர்டு செய்வதில்லை: ரகசிய எண்ணை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான நஷ்டம் முழுக்க அவருடையது. பெங்களூருவில் குழந்தை பெற்று வீட்டில் இருந்த ஒரு பெண், 2013-ல் கணவரிடம் கார்டும் பின்னும் கொடுத்து 25,000 ரூபாய் எடுக்கச் சொன்னார். சீட்டு வந்தது, பணம் வரவில்லை. வருடக்கணக்கில் நுகர்வோர் மன்றத்துக்கு நடந்தும் 2018-ல் தோற்றார். மெஷின் பணம் தந்ததா இல்லையா என்பது எடுபடவில்லை. பின்னைக் கணவரிடம் சொன்னதுதான் நின்றது. உங்கள் கதையில் மெஷின் ஒழுங்காகப் பணம் தந்திருக்கிறது. அப்புறம் வங்கியிடம் என்ன கேட்பது?

அடுத்தது உங்கள் அறை நண்பர் சொன்ன யோசனை: "தெரியாத ஆள் எடுத்துவிட்டான் என்று 1930 சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் கொடு, வங்கி தானாகத் திருப்பித் தரும்." தயவுசெய்து வேண்டாம். தோஹாவிலிருந்து ஒரு கட்சிக்காரர் இதையே செய்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். ஏடிஎம் கேமராவில் அவருடைய மச்சான் சட்டைப் பையில் பேனாவோடு நிதானமாகப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் அந்தப் படத்தைக் காட்டி "இவர் யார்?" என்று கேட்டபோது "தெரியாது" என்று சொல்லவும் முடியவில்லை, "தெரியும்" என்று சொல்லவும் முடியவில்லை. பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 217. திருடு கொடுத்தவராக ஸ்டேஷனுக்குப் போனவர், லீவு முடியும் வரை அங்கேயே நின்றார்.

இனி நான் உண்மையில் கவலைப்படும் இடம். 2019-லேயே வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள். கணக்கு இன்றைக்கும் உள்ளூர் சேமிப்புக் கணக்காகவே ஓடுகிறது. "182 நாள் கணக்குதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அது வருமான வரிக்காரர்கள் எண்ணுவது. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவில், வெளிநாட்டு வேலைக்கு என்று விமானம் ஏறியவர் அன்றிலிருந்தே வெளிநாடுவாழ் நபர். பழைய கணக்கை என்ஆர்ஓ, அதாவது வெளிநாடுவாழ் இந்தியரின் உள்ளூர் வரவுக்கான கணக்கு, ஆக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மீறலுக்கு, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் என்கிறது அந்தச் சட்டத்தின் 13-வது பிரிவு. பயப்படாதீர்கள், ஏசி மெக்கானிக்கைத் தேடி அமலாக்கத் துறை பரமக்குடிக்கு வராது. ஆனால் தம்பி மீது வழக்குப் போட்டால் அந்த ஸ்டேட்மென்டை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்போவது நீங்கள்தான். தம்பியின் வக்கீல் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார்: "வெளிநாட்டில் இருப்பதை வங்கியிடம் மறைத்துத்தானே இந்தக் கணக்கை நடத்தினீர்கள்?"

இரண்டாவது கேள்வி இன்னும் மோசம். 2022-ல் வங்கி கேஒய்சி (அடையாள விவரம்) புதுப்பிக்கச் சொன்னபோது, "நான் சொல்லித்தான் தம்பி என் கையெழுத்தைப் போட்டான்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி உங்கள் பணப் பிரச்சினையை விடப் பெரியது. போலிக் கையெழுத்துப் போட்டவன் அவன், போடச் சொன்னவர் நீங்கள். காவல் நிலையத்தில் ஒரு புகார், அதற்கு அவன் ஒரு எதிர்ப் புகார். உங்கள் பேரில் ஒரு எஃப்ஐஆர் விழுந்தால் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது போலீஸ் சரிபார்ப்பில் போய் நிற்கும். 9,40,000-க்காகத் தொடங்கிய சண்டையில் ஷார்ஜா வேலையே போய்விடக் கூடாது.

தம்பி மீது நம்பிக்கை மோசடி வழக்கே முடியாதா? முடியும், காகிதத்தில். அவன் சொல்லப்போவது: "அம்மாவுக்குச் செலவு செய்தேன், மிச்சம் அண்ணன் எனக்குக் கொடுத்தது." அதை மறுக்க உங்களுக்கு ஒரே சாட்சி அம்மா. அம்மா இருப்பது அவன் வீட்டில். பெற்ற தாய் கூண்டில் ஏறி இளைய மகனுக்கு எதிராகச் சொல்வார் என்று நம்பி நான் ஒரு வழக்கையும் தொடங்க மாட்டேன்.

ஆகவே, சமரசம் செய்துகொள்ளுங்கள். ஸ்டேட்மென்டை நான் பார்த்த வரையில் ரொக்கமாக எடுத்ததெல்லாம் மூடுபனி. எது மருந்து, எது அவன் பைக் என்று பிரிக்க முடியாது. ஆனால் யுபிஐயில் ஒரு செல்போன் மொத்த வியாபாரிக்குப் போன 4,10,000 பளிச்சென்று தெரிகிறது. அம்மா செல்போன் கடை நடத்தவில்லை. அந்தத் தொகையைப் பிடித்துக்கொள்ளுங்கள், மீதியை விட்டுவிடுங்கள். முழுத் தொகைக்கு சிவில் வழக்கு என்றால் கோர்ட் கட்டணம் மட்டும் 3 சதவீதம், 28,200 ரூபாய். அதோடு வாய்தா வாய்தாவாக விமானக் கட்டணம்.

சமரசம் என்றால் எழுத்தில். 4,10,000 பாக்கி என்று தம்பி தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும்; வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் காலவரம்பு அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஓடும். தவணைக்குக் காசோலைகள் வாங்கிக்கொள்ளுங்கள். பணமில்லாமல் திரும்பினால் காசோலை வழக்குக்கான செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு இருக்கிறது, அங்கே அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதில்லை. அந்தப் பணம் உங்கள் என்ஆர்ஓ கணக்கில்தான் விழ வேண்டும். இனி சம்பளம் அனுப்புவதற்கென்று என்ஆர்இ கணக்குத் தொடங்குவீர்கள்; உள்ளூர் ரூபாயை அதில் போட்டு இன்னொரு சிக்கலை உண்டாக்காதீர்கள்.

அதற்கு முன்பு, இன்றைக்கே கார்டை முடக்குங்கள், சிம்மையும் முடக்குங்கள். இதுவரை போனதைப் பற்றித்தான் பேசினோம்; வங்கிக்கு நீங்கள் தகவல் சொன்ன நிமிடத்துக்குப் பின்னால் போகிற பணம் வங்கியின் தலைவலி. கணக்கு என்ஆர்ஓ ஆகிவிட்டால் உங்கள் அமீரக நம்பரிலேயே யுபிஐ ஓடும், 2023-லிருந்து அனுமதி உண்டு. ஊர் சிம் ஊரிலேயே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் உங்கள் பழைய கணக்கு உண்டாக்கியதுதான். அம்மாவின் செலவுக்கு அம்மா பெயரிலேயே ஒரு கணக்கு, அதில் மாதாமாதம் அந்த மாதத்துக்கு மட்டும்.

தம்பியோடு பேச தாய்மாமனை உட்கார வைக்கிறேன் என்கிறீர்கள், நல்லது. பேசட்டும். காகிதத்தை மட்டும் அவர் எழுத வேண்டாம்; வரைவை எனக்கோ ஊரில் ஒரு வக்கீலுக்கோ அனுப்புங்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், பழைய போனை எக்ஸ்சேஞ்சிலும் கொடுக்காதீர்கள். பின் நம்பர் சொன்னது உங்களுக்கு எதிரான வரிதான். ஆனால் பத்து நாள் கழித்து அவன் எழுதிய "கடைக்குச் சரக்கு எடுத்தேன்ணே, தை மாசம் தந்துர்றேன்" என்பதும் அதே போனில்தான் இருக்கிறது.