வீட்டுக்காரர் கார்டு கடனுக்கு என் எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். வீட்டுக்காரர் கிரெடிட் கார்டுல 3 லட்சம் பாக்கி, ரெண்டு வருஷமா மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு வந்திருக்கார். என் பேர்ல 4 லட்சம் எஃப்டி இருக்கு, உடைச்சு அடைச்சிடலாமா? ஸ்டேட்மெண்ட் கண்ணுல பட்டுத்தான் எனக்கே தெரியும், அவர்கிட்ட இன்னும் கேக்கல. பேர் போடாதீங்க.

பதில்: பேர் போடலம்மா. 1691-ல லண்டன்ல ஜான் டன்டன் ஆரம்பிச்ச ஏதேனியன் மெர்குரிங்கிற கேள்வி-பதில் பத்திரிகையிலயே ஜனங்க பேர் சொல்லாமத்தான் வீட்டு விஷயத்தை கேட்டாங்க.

கணக்கு மட்டும் பாத்தா உடைக்கலாம். கார்டுக்கு மாசம் 3% வட்டின்னு வெச்சுக்கோங்க, வட்டிக்கு வட்டி ஏறி வருஷத்துக்கு 42% தாண்டிடும், உங்க எஃப்டி 7% குடுத்தாக்கூட எங்க ஈடாகும்? மினிமம் டியூ, அதாவது மாசாமாசம் கட்டியே ஆகவேண்டிய குறைஞ்சபட்சத் தொகை, பாக்கியில 5%னா அவர் கட்டுறது 15,000, அதுல 9,000 வட்டிக்கே போயிடும், அசல்ல கழியறது 6,000தான், அந்த 6,000-க்கு மறுபடி கார்டை தேய்ச்சா கடன் நின்ன இடத்துலயே நிக்கும், அதுவும் பழைய பாக்கி இருக்கிறவரைக்கும் புது செலவுக்கு வட்டியில்லா நாளே கிடையாது.

ஆனா உங்க கேள்வியில எனக்கு உறுத்துறது "இன்னும் கேக்கல"ங்கிறதுதான். எனக்கு வர்ற கடிதம் நிறைய இப்படித்தான், வட்டியில ஆரம்பிச்சு வீட்டுக்குள்ள பேச முடியாத ஒண்ணுல முடியும். இந்த ஒரு கார்டுதானா, இன்னொரு கார்டு, லோன் ஆப், கைமாத்துன்னு வேற இருக்கா, எதுவும் தெரியாம 3 லட்சத்தை கட்டினீங்கன்னா அந்த கார்டு லிமிட் முழுசா திரும்ப ஃப்ரீ ஆகிடும், எஃப்டியும் போயிருக்கும்.

அதனால முதல்ல கேளுங்க. "ஏன் மறைச்சீங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க, அது சண்டையிலதான் முடியும், "மொத்தம் எவ்வளவு"ன்னு கேளுங்க. ஆறு மாச ஸ்டேட்மெண்டை ரெண்டு பேரும் உக்காந்து பாருங்க, கேஷ் அட்வான்ஸ்னு எங்கயாவது எழுதியிருந்தா அங்க நின்னு விசாரிங்க, கார்டுல பணமா எடுத்தா அன்னிலேருந்தே வட்டி, அது தெரிஞ்சும் ஒருத்தர் எடுக்கிறார்னா பணம் எங்கயோ அவசரமா போயிருக்கு. அவர் பேர்ல இருக்கிற கார்டு, லோன் எல்லாம் காட்டுற கிரெடிட் ரிப்போர்ட்டையும் எடுக்கச் சொல்லுங்க, கைமாத்து மட்டும் அதுல வராது.

எல்லாம் வெளிய வந்துச்சுன்னா உடைங்க, பணத்தை அவர் கையில குடுக்காம நேரா கார்டு கணக்குல கட்டுங்க, கையோட லிமிட்டையும் குறைக்கச் சொல்லுங்க. மிச்சம் 1 லட்சம் அவசரத்துக்கு இருக்கட்டும்.

காட்ட மாட்டேன்னார்னா எஃப்டியை தொடாதீங்க. பாக்கியை குறைஞ்ச வட்டியில இஎம்ஐயா மாத்தித் தர முடியுமான்னு அவரே பேங்க்ல கேட்டு, அவர் சம்பளத்துலேருந்தே கட்டட்டும்.