அக்கித் தடுப்பூசி மறதிநோயைத் தடுக்குமா?

கேள்வி: நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மறதிநோய்க்குக் காரணம் என்றும், அக்கித் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்நோய் குறைவாக வருகிறது என்றும் படித்தேன். எந்த அளவுக்கு நம்பலாம்?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும். மறதிநோயோடு இறந்தவரின் மூளையில் அழற்சி, அதாவது எதிர்ப்பு மண்டலம் தூண்டப்பட்டதன் அடையாளம், காணப்பட்டது என்பது வலுவான சான்று ஆகாது. அது நோயின் விளைவாகவும் இருக்கலாம். மரபணுச் சான்று அப்படியல்ல. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவில் இயங்கும் 'ட்ரெம்2' மரபணுவில் ஓர் அரிய மாறுபாடு உள்ளவர்களுக்கு, மறதிநோயின் முக்கிய வகையான அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2012இல் இரு குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. பிறவியிலேயே அமைந்த மாறுபாடு நோயின் விளைவாக இருக்க முடியாது. ஆனால் அம்மாறுபாடு காவல் செல்களை மந்தமாக்குகிறதே தவிர, முடுக்கிவிடுவதில்லை. எனவே எதிர்ப்பு மண்டலத்தை அடக்கினால் போதும் என்ற முடிவு இதிலிருந்து கிடைக்காது. அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகளை நெடுங்காலம் உட்கொண்டவர்களிடம் அல்சைமர் குறைவு என்று நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு 2001இல் சொன்னது. அவ்வகையைச் சேர்ந்த நேப்ராக்சன், செலிகாக்சிப் மாத்திரைகளை முறையாகச் சோதித்தபோதோ அந்தப் பாதுகாப்பு தென்படவில்லை.

தடுப்பூசிக்கு வருவோம். தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொள்பவர்கள் பொதுவாகவே உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள் என்பதால், அவர்களை மற்றவர்களோடு ஒப்பிடுவது ஏமாற்றிவிடும். இந்தச் சிக்கலை வேல்ஸ் நாட்டின் அரசு விதியொன்று தற்செயலாகத் தீர்த்து வைத்தது. அங்கே 2013 செப்டம்பர் 1ஆம் தேதி அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2ஆம் தேதிக்கு முன் பிறந்தவர்களுக்குத் தகுதி இல்லை என்றாகிவிட்டது. சில நாள் முன்னே பிறந்தவருக்கும் பின்னே பிறந்தவருக்கும் உணவிலோ படிப்பிலோ என்ன பெரிய வேறுபாடு இருந்துவிடப் போகிறது? தகுதி பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் போட்டுக்கொண்டனர். ஊசி போட்டுக்கொண்டதன் பயனாக, ஏழு ஆண்டுகளில் மறதிநோய் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு கணித்தது. சோதனை நடத்தாமல், நடந்ததைக் கவனித்துப் பெறும் அவதானிப்புச் சான்றுகளில் இதைவிடத் தெளிவானது அரிது என்பது என் கருத்து.

எனினும், பயன் பெண்களிடமே மிகுதியாகத் தெரிந்தது. ஆய்வுக்குள்ளானது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரித்த பழைய ஊசி. இப்போது பெரும்பாலும் போடப்படுவது வேறு வகை. நரம்பில் உறங்கும் அக்கி வைரஸ் விழிக்காததால் பயன் வந்ததா, எதிர்ப்பு மண்டலமே பொதுவாகத் திருந்தியதால் வந்ததா என்பதும் முடிவாகவில்லை. முன்னதே காரணமானால், உங்கள் முதல் கூற்றுக்கு இது சான்றே ஆகாது. ஐம்பதைக் கடந்தவர்கள் அக்கியைத் தவிர்ப்பதற்காக மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். நினைவாற்றலுக்கான உத்தரவாதமாக அதைக் கருத வேண்டாம்.