வாசகர் கேள்வி – ஒளிப்படக்கலை: கேமராவுக்கு பேட்டரி கிரிப் வாங்கலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் நிக்கான் டி850 கேமரா வைத்திருக்கிறேன். விடுமுறை நாட்களில் கூந்தன்குளம் சென்று 200-500 மி.மீ. லென்ஸில் பறவைகளைப் படமெடுக்கிறேன். அவ்வப்போது உறவினர் திருமணங்களுக்கும் எடுத்துத் தருவதுண்டு. எம்பி-டி18 பேட்டரி கிரிப்பைப் (கேமராவின் அடியில் மாட்டும், கூடுதல் பேட்டரி கொண்ட கைப்பிடி) பொருத்தினால் கேமராவின் வேகம் கூடும் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வேகம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் கிரிப்பைப் பொருத்திய மாத்திரத்தில் அது கூடிவிடாது என்பதைக் கடைக்குச் செல்லும் முன்பே நீங்கள் தெரிந்துகொள்வது அவசியம். டி850 தனியாக நொடிக்கு 7 படங்கள் எடுக்கும். கேமராவில் இப்போது இருக்கும் இஎன்-இஎல்15 வகை பேட்டரியையே கிரிப்பிலும் போட்டால் அந்த 7 அப்படியே இருக்கும். டி4, டி5 கேமராக்களுக்கென வந்த இஎன்-இஎல்18 வகைப் பெரிய பேட்டரியைப் போட்டால்தான் நொடிக்கு 9 படங்கள் கிடைக்கும். சிறிய பேட்டரியின் மின்னழுத்தம் 7 வோல்ட், பெரியதன் மின்னழுத்தம் 10.8 வோல்ட், ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடியைத் தூக்கி இறக்கி, ஷட்டரை மீண்டும் ஆயத்தப்படுத்தும் பொறியமைப்பை அதிக வேகத்தில் இயக்க அந்தக் கூடுதல் வலு தேவைப்படுகிறது. அந்த பேட்டரியைக் கிரிப்பில் பொருத்த பிஎல்-5 என்ற தனி மூடியும், அதை மின்னேற்ற வேறொரு சார்ஜரும் வேண்டும். ஆக, நீங்கள் விலை கேட்க வேண்டியது ஒரு பொருளுக்கு அல்ல, நான்கு பொருட்களுக்கு. அதோடு இந்தக் கேமராவின் 14 பிட் ரா கோப்பு (கேமரா சுருக்கித் திருத்தாமல் பதியும் மூலப்படம்) ஒன்று சுமார் 50 மெகாபைட் அளவுக்கு வருவதால், நொடிக்கு 9 படங்கள் என்பது ஏறத்தாழ 450 மெகாபைட். வேகமாகப் பதியும் எக்ஸ்க்யூடி நினைவக அட்டை இல்லாமல் எஸ்டி அட்டையை மட்டும் நம்பியிருந்தால் அந்த வேகத்தின் பயனை முழுமையாக அனுபவிக்க இயலாது.

பேட்டரி நெடுநேரம் நிற்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால், கிரிப் வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்வேன். வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாகப் பார்த்து எடுக்கையில், ஒரே பேட்டரியில் 1840 படங்கள் வரை எடுக்கலாம் என்பது இந்தக் கேமராவுக்கு நிறுவனம் தரும் கணக்கு. பின்திரையில் பார்த்தே எடுப்பவருக்கு இது வெகுவாகக் குறையும் என்றாலும், சட்டைப்பையில் இன்னொரு பேட்டரி இருந்தால் போதும். திருமணத்தில் தாலி கட்டும் நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. பேட்டரியில் பாதி மீதமிருந்தாலும் கெட்டிமேளத்துக்குச் சற்று முன்பே மாற்றிவிடும் பழக்கம் அந்த அச்சத்தைச் செலவில்லாமல் போக்கிவிடும்.

என் கருத்தில், கிரிப் வாங்குவதற்கு உண்மையான காரணம் கேமராவைச் செங்குத்தாகப் பிடிப்பதுதான். மணமக்களை முழு உருவமாக எடுக்கக் கேமராவைத் திருப்பும்போது வலது முழங்கை மேலே தூக்கி நிற்கிறது. மணிக்கணக்கில் அப்படி நின்றால் தோள் கடுத்துவிடும், கை நடுங்கினால் படமும் அசையும். எம்பி-டி18-இல் இரண்டாவது ஷட்டர் பொத்தான், தானியங்கிக் குவியத்தை இயக்கும் ஏஎஃப்-ஆன் பொத்தான், இரு சுழல் சக்கரங்கள், குவியப் புள்ளியை நகர்த்தும் விசை ஆகிய அனைத்தும் இருப்பதால், கேமரா எந்த நிலையில் இருந்தாலும் முழங்கைகள் உடம்போடு ஒட்டியே இருக்கும். (கிடைநிலையில் எடுக்கும்போது அந்த இரண்டாவது ஷட்டர் பொத்தானின் பூட்டைப் போட்டுவிடுங்கள், இல்லையேல் உள்ளங்கை பட்டுத் தேவையற்ற படங்கள் பதிவாகும்.)

பறவைகளுக்கு இந்த வசதி அவ்வளவாகத் தேவைப்படாது. உங்கள் லென்ஸில் டிரைபாட் (முக்காலி) வளையம் இருப்பதால், அதைத் தளர்த்திக் கேமராவைச் சுழற்றினாலே செங்குத்து நிலை கிடைத்துவிடும். லென்ஸ் மட்டும் 2300 கிராம், கேமரா பேட்டரியோடும் அட்டையோடும் 1005 கிராம். கையிலேயே தாங்கி எடுப்பவராக இருந்தால் இதற்கு மேலும் எடை கூட்டுவதற்கு முன் யோசியுங்கள். மேலும், கிரிப் பொருத்தியிருக்கும்போது கேமராவின் அடியிலுள்ள பேட்டரி மூடி மறைந்துவிடும். எனவே கிரிப்பின் பேட்டரி முதலில் செலவாகும்படி மெனுவில் அமைத்து, உள்ளே இருப்பதைச் சேமிப்பாக வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் கடிதத்தில் பறவைகளே முதன்மையாகத் தெரிவதால், இப்போது ஒரு கூடுதல் பேட்டரியும் நல்ல எக்ஸ்க்யூடி அட்டையும் வாங்குங்கள். திருமண வேலைகள் பெருகினால், அப்போது கிரிப்பை மட்டும் சிறிய பேட்டரியோடு வாங்கினால் போதும். மணமேடையில் நொடிக்கு 9 படங்கள் தேவைப்படாது.

கேள்வி: என்னிடம் நிக்கான் இசட்6 இருக்கிறது. இதற்கான கிரிப்பில் ஷட்டர் பொத்தானே இல்லை என்கிறாரே கடைக்காரர், உண்மையா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உண்மை. 2018-இல் வந்த இசட்6-இன் அடிப்பகுதியில் பொத்தான்களுக்கான மின்தொடர்பு முனைகள் இல்லை. அதற்குரிய எம்பி-என்10 இரண்டு பேட்டரிகளைத் தாங்கும், அவ்வளவே. பொத்தான்களுடன் கூடிய எம்பி-என்11, 2020-இல் வந்த இசட்6 II-க்கானது. அதை வாங்கி உங்கள் கேமராவில் பயன்படுத்த முடியாது. ஆனால் மேலே பேட்டரியைப் பற்றி நான் சொன்னது உங்களுக்கு அப்படியே பொருந்தாது. வ்யூஃபைண்டரில் பார்த்து எடுக்கையில் இசட்6 ஒரு பேட்டரியில் 310 படங்கள் என்றே கணக்கிடப்பட்டுள்ளது. எம்பி-என்10 கிரிப் அதை ஏறத்தாழ 1.8 மடங்காக்கும், யுஎஸ்பி வழியாக மின்னேற்றவும் இடம் தரும். நாட்டிய அரங்கேற்றம் போல இடைவெளி விடாமல் எடுக்க வேண்டிய நிகழ்ச்சிகளுக்கு நீங்கள் அடிக்கடி செல்பவரானால் வாங்கலாம். செங்குத்துப் பிடிப்புக்காக என்றால் அந்தப் பணத்தை இதில் போடாதீர்கள்.