பழைய லெப்டொப்புக்கு லினக்ஸ் சரிவருமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டில் ஆறாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம் லெப்டொப் ஒன்று. உயர்தரம் படிக்கும் மகளுக்கும் அதுதான், சங்கத்துக் கடிதங்களை பாமினி ஃபொண்டில் டைப் செய்யும் எனக்கும் அதுதான். விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, 11 இதில் ஏறாது, புதுசு வாங்குங்கள் என்கிறார் டவுன் கடைக்காரர். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டால் என்ன?

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. விண்டோஸ் 10க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் நின்றது, 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதற்காக நல்லா ஓடுகிற மெஷினை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

லினக்ஸில் பல வகை உண்டு, அதில் லினக்ஸ் மின்ட் என்பதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள், 4 ஜிபி ரேமுக்கு அதுதான் லேசு. ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி வரும், நைட் டேட்டாவில் இறக்கிக்கொள்ளலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்கிற சின்ன மென்பொருள் மூலம் ஏற்றி, அதிலிருந்தே லெப்டொப்பை ஓட விடுங்கள். இன்ஸ்டோல் செய்யாத வரைக்கும் உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் அப்படியே பாவித்துப் பாருங்கள், வைஃபை பிடிக்குதா, சத்தம் வருதா, மகளின் சூம் வகுப்பு ஓடுதா என்று. பென் டிரைவில் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

உங்களுக்கு வரப்போகிற தலையிடி பாமினிதான். பழைய கடிதத்தைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். பயப்படாதீர்கள், கடிதம் கெட்டுப்போகவில்லை. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருக்கிற ஃபொண்ட், அது இல்லாவிட்டால் அடியில் இருப்பது வெளியே வந்துவிடுகிறது, அவ்வளவுதான். விண்டோஸில் இருக்கும் பாமினி ஃபொண்ட் ஃபைலையே கொப்பி பண்ணி மின்ட்டில் போட்டால் வேர்டுக்குப் பதிலாக அதில் வரும் லிப்ரே ஒஃபிஸில் பழையபடி தெரியும், டைப்பும் செய்யலாம். வரி கொஞ்சம் மேலே கீழே நகரலாம். புதுக் கடிதங்களையாவது ஃபோனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுங்கள் என்பேன், பாமினிக் கடிதத்தை ஃபோனில் திறந்து முழிக்காத ஆள் நம்மில் யார்?

பிரிண்டரையும் அதே வாரத்தில் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். எச்பி என்றால் அநேகமாகப் பிரச்சினை இல்லை, மற்றவை மொடலுக்கு மொடல் மாறும்.

காசு செலவழிப்பதென்றால் எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க்குக்குச் செலவழியுங்கள், இப்போது இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால். புதிதில் மின்ட்டைப் போட்டுவிட்டு, பழையதை விண்டோஸோடு அப்படியே கழற்றி அலுமாரியில் வைத்துவிடலாம், பிடிக்காவிட்டால் திரும்ப மாட்ட ஐந்து நிமிஷ வேலை.