பிள்ளைகளின் சித்திரமும் பெரிய ஓவியர்களும் – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் வடமராட்சியில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. தரம் மூன்று பிள்ளைகளுக்கு வான்கோவின் ‘நட்சத்திர இரவு’ ஓவியத்தையும், எரிக் கார்லின் பசித்த புழுவைப் பற்றிய படக்கதையையும் காட்டிச் சித்திரம் செய்வித்தேன். கண்காட்சிக்கு வந்த பெற்றோர் சிலர், “இது பார்த்துக் கீறியதுதானே, அதுவும் எங்களுக்குச் சம்பந்தமில்லாத வெள்ளைக்காரரின் படங்கள் ஏன்?” என்று கேட்டார்கள். நான் செய்தது பிழையா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிழையே இல்லை. ஆனாலும் பெற்றோரின் முதற் கேள்வியைத் தட்டிக்கழிக்க வேண்டாம். வகுப்பிலுள்ள எல்லாத் தாள்களிலும் ஒரே சுழல் வானமும் ஒரே சைப்பிரஸ் மரமும் இருந்தால் பிள்ளைகள் கற்றது மிகக் குறைவே. ஓவியர் வேலைசெய்த முறையைப் பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும். எதைக் கீறுவது என்பதைத் தன் வளவிலிருந்து எடுக்கட்டும். வான்கோவும் 1889இல் சான் ரெமி மருத்துவமனையில் இருந்தபோது, பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ஓவியங்களைக் கறுப்பு வெள்ளை அச்சுப்படிகளில் பார்த்து, நிறங்களைத் தாமே தீர்மானித்துப் பலமுறை வரைந்தவர்தான். பிறர் இயற்றிய இசையைத் தன் போக்கில் வாசிக்கும் கலைஞரின் செயலோடு அதை ஒப்பிட்டுத் தம்பிக்குக் கடிதமும் எழுதினார்.

எரிக் கார்லை நீங்கள் தெரிந்தெடுத்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. 1969இல் வெளிவந்த அந்தப் படக்கதையின் படங்கள், நிறமேற்றிய மெல்லிய ரிசுத்தாள்களை வெட்டி ஒட்டி ஆக்கப்பட்டவை. நோயினால் எழுந்து நின்று வரைய இயலாதுபோன பிரெஞ்சு ஓவியர் மத்தீஸும், உதவியாளர்கள் நிறம் பூசிக்கொடுத்த தாள்களைக் கத்தரித்தே 1953இல், ஏறக்குறைய மூன்று மீற்றர் அகலமும் உயரமும் கொண்ட ‘நத்தை’யை உருவாக்கினார். கோடு கோணிவிடுமோ என்று பென்சிலைத் தொடவே அஞ்சும் பிள்ளைக்கு இந்த முறை பெரிய விடுதலை. மாரி காலத்தில் முருங்கையை மொய்க்கும் மயிர்க்கொட்டியைத் தெரியாத பிள்ளை உங்கள் வகுப்பில் இராது. அதையே ஒட்டச் சொல்லுங்கள். (அது வண்ணத்துப்பூச்சியாகாமல் அந்துப்பூச்சியாவதையும் அப்போதே சொல்லிவிடலாம்.)

வெள்ளைக்காரர் ஏன் என்ற கேள்விக்கு நம் நாட்டு ஓவியர்களே விடை தந்திருக்கிறார்கள். உருவங்களைக் கோண வடிவங்களாக உடைத்துக் காட்டும் ஐரோப்பிய ஓவிய முறையான கியூபிசத்திலிருந்து கற்றுக்கொண்ட ஜோர்ஜ் கீற், பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் 1939–40இல் புத்தரின் வாழ்க்கையை வரைந்தார். குருநகரில் பிறந்த ஓவியர் மாற்குவும் மேற்கின் நவீன முறைகளைக் கற்று இங்குள்ள வாழ்வை வரைந்தவர். அவர்களுடைய ஓவியங்களையும் வான்கோவுக்குப் பக்கத்திலேயே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்த வாய்ப்பு இல்லாமற்போவதே எனக்குக் கவலை தருகிறது.

செய்முறையில் ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். மூலப்படத்தைக் காட்டி, அதில் என்ன தெரிகிறது என்று பிள்ளைகளைப் பேசவிட்டபின், வேலை தொடங்குமுன் அதை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். கரும்பலகையில் அது தொங்கும்வரை, பிள்ளையின் கண் தன் தாளை விட்டு அதையே சரிபார்த்துக்கொண்டிருக்கும். கண்காட்சியன்று அதை மீண்டும் மாட்டி, ஒவ்வொரு பிள்ளையும் அந்த ஓவியரிடமிருந்து எதை எடுத்தது என்பதைத் தன் கையெழுத்திலேயே ஒரு வரியாகப் படத்தின் கீழே எழுதச் செய்தால், பெற்றோர் அங்கேயே வாசித்து அறிந்துகொள்வார்கள். தாள்களுக்கு முதல்நாளே நிறம் பூசிக் காயவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாடவேளை அதற்கே போய்விடும்.

அன்புடன்.